மளிகைக்கடையில் ஒரு மேஜிக் ஷோ

மேஜிக் கற்றுக்கொண்டு முதல் ஷோ பிடித்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் உடையைப் பற்றித்தான். கோட் தைக்கலாமா அக்கா, ஷெர்வானி வாங்கலாமா, தலைப்பாகை வைத்தால் எடுப்பாக இருக்குமா? அப்புறம் மியூசிக், புகை மெஷின், பின்னால் கட்டும் பேனர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் காட்டப்போகும் அதிசயம் எங்கிருந்து வருகிறது? வெறுங்கையில் ஒரு ரூபாய் நாணயம் முளைத்தால், ஏன் முளைத்தது? பார்ப்பவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பதில்தான் தீம். அது முடிவானால் உடை, மியூசிக், பேச்சு எல்லாம் தானாக வந்து சேரும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மதராஸில் தொடங்குகிறது. 1830-களின் தொடக்கத்தில் சேஷால் என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த ஒரு பிராமணர் அங்கே ஒரு வித்தை காட்டினார். நான்கு கால் வைத்த பலகை ஒன்று, அதில் செங்குத்தாக ஒரு மூங்கில், மூங்கிலின் மேல் கை வைத்துக்கொள்ள ஒரு தாங்கல், அதைச் சுற்றித் தோல். வேலையாட்கள் முன்னால் ஒரு கம்பளியைப் பிடிப்பார்கள். விலக்கும்போது அவர் தரையிலிருந்து நாலடி உயரத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். ஒரு கையின் ஓரம் மட்டும் அந்தத் தாங்கலைத் தொட்டிருக்கும். அந்தக் கை விரல்கள் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்களுக்கு அது தவ வலிமை.

1847-ல் பாரிஸில் ராபர்ட்-ஹூடின் என்ற மேஜிக்காரர் தன் மகனை மேடையில் அந்தரத்தில் நிறுத்தினார். முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு கோல், உடல் படுக்கைவசத்தில். பார்ப்பதற்கு மதராஸ் வித்தைக்கு நெருங்கிய சொந்தம் என்பது மேஜிக் செய்யும் யாருக்கும் தெரியும். ஆனால் அவர் தவம், யோகம் எதையும் இழுக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க அதே பேச்சு. அவர் ஒரு குப்பியை மகனின் மூக்கருகே நீட்டி, ஈதரின் சக்தியால் உடல் எடை இழந்துவிடுகிறது என்றார். திரைக்குப் பின்னால் சூடான இரும்பில் நிஜமான ஈதரை ஊற்றி, வாசனை அரங்கம் முழுக்கப் பரவும்படி பார்த்துக்கொண்டார். பிள்ளையின் உடம்பு கெட்டுப்போகும் என்று கண்டித்துக் கடிதங்கள் வந்ததாக அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு அவர்கள் நம்பினார்கள். ஒரு வித்தை, மதராஸில் தவம், பாரிஸில் ரசாயனம்.

நம் பக்கத்திலேயே மூன்றாவது உதாரணமும் உண்டு. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் மறைந்த பி. பிரேமானந்த் கையிலிருந்து விபூதி வரவழைப்பார், நெருப்பை வாயில் போடுவார். எல்லாம் சாமியார்கள் அற்புதம் என்று காட்டியவை. காட்டிய கையோடு, எப்படிச் செய்தேன் என்பதையும் மக்களுக்கு விளக்கிவிடுவார். அவருடைய பதில் 'இது தந்திரம், ஏமாறாதீர்கள்.' ரகசியத்தை உடைத்ததால் அவர்மேல் கோபப்பட்ட மேஜிக்காரர்களை எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் மரியாதைதான். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது என் மாமாவின் ஷோவில் உதவியாளாக. மாமாவின் தீம் மந்திரவாதி. கறுப்பு அங்கி, மேஜைமேல் கபாலம், குங்குமம், வெட்டினால் ரத்தம் வடியும் எலுமிச்சம்பழம். கிராமத்துத் திருவிழா மேடையில் அந்த எலுமிச்சம்பழத்துக்கு விழும் அமைதியை நான் வேறு எந்த ஐட்டத்துக்கும் பார்த்ததில்லை. ஒரு நாள் ஷோ முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம், ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், எடுத்துவிடுங்கள் சாமி என்று மாமாவின் காலில் விழப்போனார். மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, அவர் கண்முன்னாலேயே தயார் செய்து, வெட்டி, ரத்தம் எப்படி வந்தது என்று காட்டினார். 'நான் உன்னை மாதிரி ஆள்தாம்மா. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ' என்றார். பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தார். அந்த சீசனோடு கபாலத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

அதனால் வெளிநாட்டு மேஜிக் புத்தகங்கள் தீம் பற்றிச் சொல்வதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊரில் சில பதில்களை மக்கள் நிஜமாகவே நம்புகிறார்கள். லண்டனில் ஒருவர் மந்திரவாதி வேஷம் போட்டால் அது நாடகம். இங்கே அதே வேஷத்துக்குப் பின்னாலேயே ஒரு தாய் வந்து நிற்பாள். மெண்டலிஸம் செய்யும் தம்பிகளுக்கும் இதையே சொல்வேன். மனசைப் படிக்கிறேன் என்று காட்டுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் 'உங்க பொண்ணு கல்யாணம் எப்ப நடக்கும்னு எனக்குத் தெரியுது' என்ற பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அடுத்தவர் வேஷத்தை எடுத்துக்கொள்வது இன்னொரு சங்கடம். சுங் லிங் சூ என்ற பெயரில் இங்கிலாந்தைக் கலக்கியவர் உண்மையில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற நிஜமான சீன வித்தைக்காரரைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டார். பேட்டிக்குக்கூட மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். 1905-ல் இருவரும் லண்டனில் இருந்தபோது யார் அசல் என்று போட்டி வைத்தார்கள். நிஜமான சீனர் வரவில்லை, போலி ஜெயித்தது. 1918 மார்ச்சில் தோட்டாவைப் பிடிக்கும் ஐட்டத்தில் நிஜமாகவே குண்டு பாய்ந்து சரிந்தபோதுதான் ராபின்சன் மேடையில் முதல்முறையாக ஆங்கிலம் பேசினார். கதையாகக் கேட்டால் சிலிர்க்கும். எனக்கு அந்த ஃபூவை நினைத்தால்தான் மனசு ஆறாது. தன் பிறப்பையே தீமாக வைத்திருந்த மனிதரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டார்கள். மேற்கே பலர் இப்படி ஃபக்கீர் வேஷம் போட்டுக்கொண்டிருந்த உலகத்தில்தான் வங்காளத்து பி.சி. சர்க்கார் மகாராஜா உடையில் 'இந்திரஜால்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1956-ல் பிபிசியில் அவர் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியதும் நிகழ்ச்சி சட்டென்று முடிய, அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று பயந்து நேயர்கள் போன் செய்து குவித்தார்கள். அவருக்கு அந்த மகாராஜா உடை பொருந்தியது. ஆனால் பளபளக்கும் ஷெர்வானியில் இன்று கல்யாண ரிசப்ஷனில் நிற்கும் பையனுக்கு அது சர்க்காரின் உடை, அவ்வளவுதான்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாத்தாவுக்கு விருதுநகரில் மளிகைக்கடை. பள்ளி லீவெல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான். மாமா ஷோவை நிறுத்தி, நான் தனியாகச் செய்ய வேண்டிவந்தபோது, எனக்குத் தெரிந்த உலகம் அது ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் அதில் மேஜிக்குக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது என்று புரிந்தது. தராசு, படிக்கல், உழக்கு, சணல், பழைய பேப்பர், கல்லா. எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருந்தது: கொசுறு. தாத்தா எந்தக் குழந்தையையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒரு சிட்டிகை பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம். என் ஷோவில் நடக்கும் ஒவ்வொரு அதிசயமும் கேட்டதற்கு மேல் கொஞ்சம் கூடக் கிடைப்பது.

அப்படி முடிவு செய்ததும் ஐட்டங்கள் தானாகத் தரம் பிரிந்தன. செப்படி வித்தைக்குக் கப்புகளுக்குப் பதில் மூன்று பித்தளை உழக்கு, பந்துக்குப் பதில் கொட்டைப்பாக்கு. கடைசியில் உழக்கைத் தூக்கினால் ஒன்றில் பல்லாரி வெங்காயம், ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் மண்டை வெல்லம். ஷோ முழுக்க இடையிடையே காலி செய்தும் மறுபடி நிறையும் சொம்பு, சர்க்கார் காலத்திலிருந்து பிரபலம். என் மேடையில் அது கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தண்ணீர்ச் சொம்பு. வெட்டி ஒட்டும் கயிறு, பொட்டலம் கட்டும் சணல். வெறுங்காற்றில் நாணயம் பிடித்துப் போடும் ஐட்டத்தில் வாளிக்குப் பதில் கல்லாப்பெட்டி. மரக் கல்லாவில் காசு விழும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும், வேறு மியூசிக் எனக்குத் தேவைப்படவில்லை.

அரிசி ஐட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசியைத் தலைதட்டி அளந்து, இன்னொரு பாத்திரத்தால் மூடித் திறந்தால் வழிய வழியப் பொங்கும். மறுபடி தலைதட்டி மூடித் திறந்தால் அரிசி தண்ணீராகிவிடும். உலகம் முழுக்க அது தண்ணீரில்தான் முடியும், கைதட்டலும் அங்கேதான். நான் தண்ணீரை எடுத்துவிட்டேன். கொசுறு என்று சொல்லிவிட்டு இருந்த அரிசியையும் தண்ணீராக்கினால் என் கதை அங்கேயே செத்துப்போகிறது. அரிசி காணாமல் போகும்போது முன்வரிசைப் பாட்டிகளின் முகம் வாடுவதையும் பார்த்திருக்கிறேன். இப்போது அரிசி பொங்குவதோடு நிற்கிறது. சிந்துவது கீழே விரித்த துணியில் விழும், யார் காலிலும் படாது. அந்தத் துணியை அப்படியே மூட்டையாகக் கட்டி, அளக்க வந்து உதவிய அக்காவிடம் 'வச்சுக்கோங்க, கொசுறு' என்று கொடுத்துவிடுவேன். கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் நின்று கேட்கும்.

சீட்டுக்கட்டை விட்டேன். எனக்குப் பிடித்த ஐட்டங்கள் பல அதில் இருந்தன, மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் மளிகைக்கடையில் சீட்டுக்கட்டுக்கு வேலையில்லை. அந்த இடத்துக்குப் பற்று நோட்டு வந்தது. கூட்டத்தில் ஒருவர் ஏதாவது சாமானும் அளவும் சொல்வார், 'துவரம்பருப்பு முக்கா கிலோ' என்று. நோட்டைப் பிரித்தால் அன்றைய தேதியில் அது ஏற்கெனவே எழுதியிருக்கும். எதிர்காலம் சொல்கிறேன் என்ற பேச்சே இல்லாமல் ஒரு மெண்டலிஸம் ஐட்டம். கடைக்காரிக்கு வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்று தெரியும், அவ்வளவுதான்.

உடைக்கு 'வாயில்' துணிச் சேலை, முழங்கைக்கு மேலே நிற்கும் ரவிக்கை, காதில் பென்சில். கோட் போட்டவரின் கையைவிட அவருடைய ஸ்லீவைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். என் முன்கை திறந்திருப்பதால் அந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. பெண்களுக்குக் கோட்டில் உள்ள பாக்கெட் வசதி சேலையில் கிடையாது என்று தோழிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு முன்னால் ஒரு கடையே இருக்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

தீம் இடத்துக்கும் பொருந்த வேண்டும். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நமக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், பக்கவாட்டில் சொந்தக்காரர்கள், காலடியில் குழந்தைகள். பள்ளி ஆண்டு விழாவில் மைதானம், மூன்று பக்கமும் ஆள். முன்னால் மட்டும் பார்வையாளர்கள் இருக்கும் அரங்கத்துக்காகச் செய்த பெட்டி இல்யூஷன்கள் அங்கே நிற்காது. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி பெரிய பெட்டிகளை நம்பாமல் கைலாவகத்தாலேயே பெயர் வாங்கியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடைக்காரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஜனம் நிற்பது இயல்பு. அதனால் என் ஐட்டங்கள் எல்லாமே சுற்றி நின்று பார்த்தாலும் தாங்குபவை, தாங்கும் வரை பயிற்சி செய்தவை.

எங்கள் மதுரை நண்பர்கள் வட்டத்தில் ஒரு தம்பி மினி பஸ்ஸில் கண்டக்டர். கைவேகம் அருமையாக இருக்கும். நான்கு விரல் இடுக்கிலும் நோட்டை மடித்துச் சொருகிக்கொண்டு, ஓடும் வண்டியில் ஒரு கையால் சில்லறை எண்ணிக் கொடுக்கிறவர். அவரும் கடன் வாங்கிக் கோட் தைக்க இருந்தார். தோல்பையும் விசிலும் போதும் தம்பி என்றேன். இப்போது கிழித்த டிக்கெட் முழுசாகும் ஐட்டமும், எந்தப் பயணி எங்கே இறங்குவார் என்று முன்கூட்டியே கிழித்துவைத்த டிக்கெட்டில் இருக்கும் ஐட்டமும் தயார். சில்லறை ஐட்டம்தான் இன்னும் இழுக்கிறது. பாக்கிச் சில்லறையைக் கேட்டதற்கு மேல் கொடுக்கும் கண்டக்டரை யார் நம்புவார்கள் அக்கா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. சரியான சில்லறை, ஆனால் பயணியின் சொந்தப் பையிலேயே போய் இருக்கிற மாதிரி வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு, பையோடு வருகிறார்.