கோச்சேயா, கார்ரோவா? ஸ்பானிஷில் வண்டிச் சொற்கள் படித்த கதை

ஸ்பானிஷ் தேர்வுக்குப் படிக்கிறவர்களை வண்டிச் சொற்கள் நன்றாகவே அலைக்கழிக்கும். காருக்கே ஸ்பெயினில் கோச்சே, கொலம்பியாவில் கார்ரோ, அர்ஜென்டினாவில் அவுத்தோ. இந்தக் கடைசிச் சொல்லை எழுத்தில் பார்த்தால் நம்ம ஊர் ஆட்டோதான், ஆனால் சக்கரம் நாலு!

நாடுவாரியாகக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மெக்சிகோவை எடுத்துக்கொண்டேன். பேசவும் எழுதவும் அந்த ஊர்ச் சொல், மற்றவை காதில் விழும்போது புரிந்தால் போதும். டேலே, சியேலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வுகள் இரண்டிலும் எந்த நாட்டு வழக்கில் எழுதினாலும் ஏற்பார்கள். கேட்டல் பகுதியில்தான் பல நாட்டுக் குரல்கள் வரும்.

அப்புறம், தனிச்சொல்லாகப் படிக்காமல் ஒரு சூழ்நிலையாகப் படியுங்கள். வண்டி பஞ்சர் என்று வைத்துக்கொள்வோம். மெக்சிகோக்காரர் 'செ மே போன்ச்சோ லா யாந்தா' என்பார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி எடுக்கவேண்டும்; டிக்கி அங்கே கஹுவேலா, ஸ்பெயினில் மலெத்தேரோ, அர்ஜென்டினாவில் பாஊல். யாந்தா என்பதில் மட்டும் கவனம்: மெக்சிகோவில் அது டயர், ஸ்பெயினில் டயர் மாட்டும் உலோக வளையம். அங்கே டயருக்கு நெவுமாத்திகோ. அர்ஜென்டினாவில் டயரை கோமா என்பதால் பஞ்சர் கடைக்கு கொமெரீயா என்றே பெயர்.

பெட்ரோலும் இப்படித்தான். பெரும்பாலான நாடுகளில் கசோலினா, அர்ஜென்டினாவில் நாஃப்தா, சிலியில் பென்சீனா. பெருவில் பெட்ரோல் பங்க்கைத் தேடினால் கிரிஃபோ என்று கேட்கவேண்டும். ஸ்பெயின்காரருக்கு அது தண்ணீர்க் குழாய்!

வண்டி ஓட்டுவதற்கு ஸ்பெயினில் கொந்துதிர், லத்தீன் அமெரிக்காவில் பொதுவாக மனெஹார். ஸ்பெயின் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் ஒன்றை முக்கியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: 'காரை எடு' என்பதற்கு அங்கே சர்வசாதாரணமாக வரும் கொஹேர் என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் பச்சையான கெட்ட வார்த்தை. தொமார் என்று சொல்லிவிட்டால் எங்கும் வம்பில்லை.

மொத்தோர், ஃபிரேனோ, பதெரீயா போன்றவை எல்லா ஊரிலும் ஒன்றுதான், அவற்றில் நேரம் செலவழிக்கவேண்டாம். மிச்ச நேரத்தில் அந்தந்த நாட்டுப் பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் படியுங்கள். படமும் சொல்லும் பக்கத்திலேயே இருக்கும். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட எனக்கு உதவியது அதுதான்.