வெள்ளைப் பெட்டி கையெட்டும் இடத்தில்

நான் நடத்தும் கிளினிக்கில் படுக்கைகள் கிடையாது. காய்ச்சலுக்கு ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, வெட்டுக்காயத்துக்குத் தையல் இடுவது, சர்க்கரை பார்க்க விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது, இவ்வளவுதான் அங்கே நடக்கும் வேலை. நாள் முழுவதும் சேரும் மருத்துவக் கழிவு ஒரு சிறிய வாளியைக்கூட நிரப்பாது. இந்த அளவுக்காகவா இத்தனை விதிகள் என்று தொடக்க ஆண்டுகளில் நான் நினைத்ததுண்டு.

அந்த நினைப்பு ஒரு மாலை வேளையில் போயிற்று. எங்களிடம் தூய்மைப் பணி செய்த அம்மா, உள்ளே காகிதமும் பஞ்சும்தான் இருக்கின்றன என்று நம்பிக் குப்பைப் பையைக் கையால் அழுத்தி வாயைக் கட்டினார்; பைக்குள் கிடந்த ஊசி அவருடைய உள்ளங்கையில் ஏறிவிட்டது. "சின்னக் குத்துதான் டாக்டர், விடுங்க" என்று அவர் சொன்னார். அது எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. காயத்தைப் பிதுக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றிரவே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. அவர் 28 நாள்கள் அந்த மாத்திரைகளை, குமட்டலோடு, விழுங்கினார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியை அதற்கு முன்பே அவருக்குப் போட்டிருக்க வேண்டியது என் கடமை; நான் போட்டிருக்கவில்லை. தடுப்பூசி போடாதவரை அந்தக் கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகும், எச்.ஐ.வி.க்கு அது 0.3 விழுக்காடுதான். கடைசிப் பரிசோதனை முடிவும் நல்லபடியாக வரும்வரை நான் அவருடைய முகத்தை நேராகப் பார்க்கத் தயங்கினேன்.

பின்னர் நடந்ததை நிதானமாக எண்ணிப் பார்த்தபோது, தவறு செவிலியரின் கவனக்குறைவில் தொடங்கவில்லை என்பது புரிந்தது. கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளைப் பெட்டியையும் ஊசி வெட்டும் கருவியையும் அறையின் மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஊசி போட்டு முடித்தவர் அங்கே நடந்து போக வேண்டும். அதற்குள் அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்துவிட்டால், ஊசி தட்டிலேயே கிடந்து, பஞ்சோடு பஞ்சாகக் குப்பைப் பைக்குள் விழும். இப்போது இரண்டும் ஊசி போடும் இடத்திலேயே, கையெட்டும் தொலைவில் இருக்கின்றன. ஊசிக்கு மறுபடி மூடி மாட்டுவதை முற்றாக நிறுத்தினோம், ஏனென்றால் விரலில் குத்துவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். விரலில் குத்தும் லான்செட்டும் தையல் ஊசியும் பிளேடும் அதே பெட்டிக்குள் போகும். முக்கால் பங்கு நிரம்பியதும் பெட்டியை மூடிவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் படுக்கையில்லாத கிளினிக், பரிசோதனைக்கூடம், பல் மருத்துவமனை, தடுப்பூசி முகாம், இரத்ததான முகாம், பள்ளியின் முதலுதவி அறை வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். எந்தக் கழிவு எந்த நிறப் பைக்கு அல்லது பெட்டிக்கு என்ற வண்ணப் பிரிவு பலருக்கும் தெரிந்ததுதான்: இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடல் உறுப்புப் பகுதிகள், காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சளுக்கு, டிரிப் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்ச், சிறுநீர்ப் பை, கையுறை ஆகியவை சிவப்புக்கு, மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி ஆகியவை நீலத்துக்கு, கூர்மையானவை வெள்ளைக்கு. இந்தப் பட்டியல் எங்கள் சுவரிலும் அப்போதே ஒட்டப்பட்டிருந்தது. சுவரில் ஒட்டிய தாள் அந்த அம்மாவின் கையைக் காக்கவில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐயம் வந்தால் மஞ்சள் பையில் போட்டுவிடலாம், எரித்துவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்று பல மருத்துவர்களே நினைக்கிறார்கள். மஞ்சள் பையில் உள்ளவை பெரும்பாலும் எரியூட்டிக்குப் போகின்றன. அங்கே புகையை மீண்டும் எரிக்கும் இரண்டாம் அறையின் வெப்பம் 1050 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். புகை அந்த வெப்பத்தில் குறைந்தது 2 நொடிகள் தங்க வேண்டும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது, அந்த நிலை சற்றுப் பிசகினாலும், புற்றுநோயை உண்டாக்கும் டையாக்சின் புகையோடு வெளியேறும். டிரிப் குழாய் போன்றவை சிவப்புப் பையில் போனால், ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலத்தில் கிருமி நீக்கப்பட்டு, துண்டு துண்டாக அரைக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகும். அவற்றில் எதையும் எரிக்கத் தேவையில்லை. மறுபுறம், மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்து அட்டையையும் தேநீர்க் குவளையையும் இரத்தம் தோய்ந்த பஞ்சோடு சேர்த்துப் போட்டால், அவ்வளவும் தொற்றுக் கழிவாகிவிடும்.

அரைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மொடாசாவை நினைத்துக்கொள்கிறேன். 2009இல் குஜராத்தின் அந்த ஊரில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்தனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளையே திரும்பவும் பயன்படுத்தியதும், கழிவிலிருந்து அவற்றைப் பொறுக்கி விற்கும் வணிகமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. காயலான் கடைக்கு முழுதாகப் போகும் ஒரு சிரிஞ்ச் எங்கே திரும்பி வரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மற்றவை ஒழுங்காகச் செய்தால் சுமையில்லாத வேலைகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், பல மருத்துவமனைகளின் கழிவை ஒரே இடத்தில் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம், பையில் பார்கோடு, அன்றாடப் பதிவேடு, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை. 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் இருந்தால் நாமே எரியூட்டி அமைக்கக் கூடாது. இரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. வண்டி வராமல் அந்த நேரம் கடந்தால், காரணத்தோடு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான் இருமுறை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன், வண்டியும் வந்திருக்கிறது.

பையை வண்டியில் ஏற்றியதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. 2024 டிசம்பரில், கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டுக் கிடந்ததை மறக்க முடியாது. மூன்று நாள்களில் அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு, லாரிகள் வந்து அதை அள்ளிச் சென்றன. அந்தக் குவியலில் நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய தாள்களும் இருந்தன. அதைப் படித்த நாளிலிருந்து, ஏற்றிய பைகளின் எண்ணிக்கையையும் எடையையும் ஓட்டுநரின் கையொப்பத்தோடு நானே சரிபார்க்கிறேன்.

எங்கள் பெட்டிக்குள் வராத ஊசிகள் இன்னும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ஊசியைச் சமையலறைக் குப்பையோடு வீசுகிறார்கள். மறுநாள் காலையில் அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவரும் ஒரு தூய்மைப் பணியாளர்தான். அதனால் இன்சுலின் எழுதிக்கொடுக்கும்போதே, மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, நிரம்பியதும் கிளினிக்கில் கொடுக்கும்படி சொல்கிறேன். முதலில் பலர் மறந்தார்கள். இப்போது சிலர் மாத்திரை வாங்க வரும்போது, மூடியை இறுக்கித் திருகிய பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.