பெரியம்மா கேட்ட சிலைகள்

ஜனவரி 12

பெரியம்மாவுக்குச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் பொங்கல் லீவு வருகிறது. ரிப்போர்ட் எப்போது வரும் என்று கவுன்டரில் யாரும் சொல்லவில்லை. வார்டுக்குள் விடுவது சாயங்காலம் நாலு முதல் ஆறு வரைதான். "மிச்ச நேரம்லாம் வராந்தாவுல உக்காந்து அழுதுகிட்டு இருக்காதட்டி. போயி கண்ணகியப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் பெரியம்மா.

ஜனவரி 13

பார்த்தேன். பாரதி சாலை மெரினா கடற்கரைச் சாலையில் வந்து முட்டுகிற இடம். விரிந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு. நல்ல உச்சி வெயில். பீடத்து நிழலில் சுண்டல் விற்கிற பையன் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, மாங்காய்ப் பத்தைக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஒன்று விடாமல் சொன்னேன். முடி விரிந்துதானே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாள். 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் தாத்தா அவளை ரயிலில் கூட்டி வந்திருக்கிறார். கண்ணகியையும் தமிழறிஞர்கள் சிலைகளையும் கடற்கரையில் அப்போதுதான் திறந்திருந்தார்கள். தாத்தா தோளில் உட்கார்ந்து கண்ணகியைப் பார்த்துப் பயந்து, அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாளாம். 2001 டிசம்பரில் ஓர் இரவில் கண்ணகியைப் பீடத்திலிருந்து எடுத்தபோது அவள் தமிழ் டீச்சர். "லாரி மோதிட்டாமே டீச்சர்" என்று பிள்ளைகள் கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை என்றாள். 2006 ஜூன் 3 அன்று திரும்ப நிறுத்தினார்கள். அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி சிலப்பதிகாரப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். பீரோவில் மேல் தட்டாம். ஊருக்குப் போனதும் எடுத்துக் காட்டுகிறாளாம்.

ஊருக்குப் போனதும். அவளேதான் சொன்னாள்.

ஜனவரி 14

போகி. விடியற்காலையிலிருந்து புகை. பக்கத்து பெட் அம்மா இருமிக்கொண்டே இருந்தார். எங்கும் போகவில்லை.

ஜனவரி 15

கால்டுவெல். இவரைப் பற்றிப் பேசும்போது பெரியம்மாவுக்குக் குரலே மாறிவிடுகிறது. "நம்ம ஊருக்காரர்லா!" அயர்லாந்தில் பிறந்து, 1838ல் சென்னையில் வந்து இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடித் தேரிக்காட்டில் ஐம்பது வருடம் வாழ்ந்த பாதிரியார். அங்கே சர்ச்சுக்குள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். பெரியம்மா வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவாள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் எழுதியவர் என்பதைவிட, அந்தச் செம்மண்ணில் கிணறு வெட்டித் தெரு போட்டவர் என்பதுதான் அவளுக்குப் பெரிது.

இன்று கவனித்தேன். நான் பார்த்தவரை எல்லாரும் சாலையைப் பார்த்தே நிற்கிறார்கள். அத்தனை பெரிய கடல் முதுகுப் பக்கம். அது ஏனோ மனதை என்னவோ செய்கிறது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஜனவரி 16

வீரமாமுனிவர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பார்த்தவுடன் தெரிகிற மாதிரி எழுத்தைத் திருத்தியவர். இத்தாலிக்காரர். சதுரகராதி என்ற அகராதி 1732. பெரியம்மா போர்வை மேல் விரலால் எ எழுதி, அதை ஏ ஆக்கிக் காட்டினாள். ஊசி குத்திய கை, வீங்கியிருக்கிறது. போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரி 17

காணும் பொங்கல். கடற்கரைப் பக்கம் தலை காட்ட முடியாது. தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலைக்குப் போனேன்.

குதிரை மேல் இருக்கிறார். சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. கால் இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. லண்டனில் சான்ட்ரி செய்து, 1839ல் இங்கே நிறுத்திய சிலை. இத்தனை வருடமாகக் காலை ஊன்ற ஒன்றும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறை கொண்டுவந்த கவர்னர். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம். ஜனங்களிடம் விடைபெற்று வரலாம் என்று கடைசியாகச் சுற்றுப்பயணம் போன இடத்தில் காலரா. 1827. பத்திகொண்டாவில் இறந்துபோனார். ஊர் திரும்பவே இல்லை.

காலராவைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அங்கவடியை மட்டும் சொன்னேன். "பாவம், கால் கடுக்கும்லா" என்றாள்.

ஜனவரி 19

ரிப்போர்ட் வரவில்லை. இன்று கவுன்டரில் கத்திவிட்டேன்.

ஜனவரி 20

குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கடற்கரைச் சாலையை மறித்திருந்தார்கள். சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். காவல்காரர் ஒருவர், "சீக்கிரம் பார்த்துட்டுக் கிளம்பும்மா" என்று விட்டார்.

உழைப்பாளர் சிலை. 1959 ஜனவரி 25ல் திறந்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, எழும்பூர் ஓவியக் கல்லூரியில் பல வருடம் முதல்வராக இருந்தவர். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். பின்னால் போய் முதுகைப் பார்க்க வேண்டும், அங்கேதான் பாரம் தெரிகிறது. தோள்பட்டை எலும்பு இரண்டும் நெருங்கி, நடுவில் தண்டுவடம் குழிந்து கிடக்கிறது. பிருஷ்டத்துக்கு மேல் சதை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூட்டை தூக்கியவரை, நாற்று நட்டவரைக் கிட்டே நின்று பார்த்த கை செய்த வேலை. மற்ற பீடங்களிலெல்லாம் பெயர் வெட்டியிருக்கிறது. இவர்கள் நாலு பேருக்கும் பெயர் கிடையாது. இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923ல் கொண்டாடியதும் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான். இந்தச் சிலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் வேறு இல்லை. நான் பார்த்ததில் இதுதான் பெரிய சிலை. உயரத்தைச் சொல்லவில்லை.

இவ்வளவும் பெரியம்மாவிடம் சொல்லத்தான் வைத்திருந்தேன். போனபோது வலிக்கு ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 21

இன்றும் தூக்கம்தான்.

ஜனவரி 22

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சனிக்கிழமை ஆபரேஷன்.

முகம் கழுவிவிட்டு உள்ளே போனேன். விழித்திருந்தாள். "என்ன சொன்னாவ?" என்று கேட்கவில்லை. ஜி.யு. போப்பைப் பார்த்தாயா என்றாள். இல்லை என்றேன். 1886ல் திருக்குறளை இங்கிலீஷில் போட்ட மனுஷனைப் பார்க்காமல் என்னத்தைச் சுற்றினாய் என்று கோபித்துக்கொண்டாள். உழைப்பாளர் சிலையைச் சொன்னேன். முதுகைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆறு மணி அடிக்கிற வரை விடவில்லை.

ஜனவரி 23

அண்ணன் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான், காலையில் எழும்பூர். இரண்டு யூனிட் ரத்தம் கட்ட வேண்டுமாம். எனக்கு ஹீமோகுளோபின் குறைவு, எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு ஆள் வேண்டும். லாட்ஜ் பையனைக் கேட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறான். முன்பணம் பத்தரைக்குள் கட்டணும். ஏ.டி.எம். போக