முட்டை வடிவ முத்திரை

ஜூன் 3
நூற்றாண்டு கடந்த நூலகம். லோகோ, பெயர்ப்பலகை, உறுப்பினர் அட்டை, புத்தக முதுகு லேபிள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டுமாம். முதல் கூட்டத்திலேயே கட்டட முகப்பைப் போடச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் திறந்த புத்தகம் என்றார். அதைப் போட்டால் பள்ளிக்கூடமா, பதிப்பகமா, புத்தகக் கடையா என்றே தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாளே சண்டை எதற்கு?

ஜூன் 5
முகப்பை வரைந்தேன். போஸ்டரில் பிரமாதம். பிரவுசர் டேபில் வரும் 16 பிக்சல் சதுரத்தில் போட்டதும் தூண்களெல்லாம் சீப்புப் பல் ஆகிவிட்டன.

ஜூன் 9
நாள் முழுக்கக் கிடங்கில். நூலகர் பழைய புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். தலைப்புப் பக்கத்தில் முட்டை வடிவ முத்திரை. உள்ளே ஒரு பக்கத்திலும் அதே முத்திரை. ரகசியப் பக்கம் என்பார்களாம். முதல் தாளை யாராவது கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிந்துவிடும். ரப்பரில் எப்போதோ விழுந்த வெட்டு, விளிம்புக் கோட்டில் ஒரே இடத்தில், புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்கிறது. புது ஸ்டாம்ப் வாங்கும்வரை அதையே குத்தியிருக்கிறார்கள். மை தாளின் மறுபக்கம்வரை இறங்கியிருந்தது. முகப்பை அப்போதே மறந்துவிட்டேன்.

ஜூன் 12
முட்டைதான், முடிவு செய்தாயிற்று. எழுத்துதான் தொல்லை. மாதிரி ஸ்டாம்ப் செய்து குத்தினால் எழுத்தின் சுழிகள் மையில் அடைந்துபோகின்றன. டெலிபோன் டைரக்டரிக்கும் இதே தலைவலி இருந்தது. அதற்காகவே 1978-இல் வந்த பெல் சென்டென்னியல் எழுத்துருவில், அதை வடிவமைத்த மேத்யூ கார்ட்டர், கோடுகள் சேரும் மூலைகளில் வேண்டுமென்றே வெட்டுவிட்டிருந்தார். மட்டமான தாளில் பரவும் மை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். நானும் அப்படியே வெட்டினேன். திரையில் பெரிதாக்கினால் எலி கடித்த மாதிரி இருக்கிறது. தாளில் குத்தினால் சுத்தம்.

ஜூன் 17
கூட்டம். "புதுசா ஒண்ணுமே பண்ணலையே?" என்றார்கள். சுருக்கென்றது. பழைய புத்தகத்தையும் புது ஸ்டாம்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அப்புறம் பழைய முத்திரையில் இருந்த அந்த வெட்டையும் சேர்க்கலாமே என்று ஆரம்பித்தார்கள். மறுத்துவிட்டேன். தானாக விழுந்த வெட்டை நான் உட்கார்ந்து வரைந்தால் அது வேஷம்.

ஜூன் 20
ஒல்லிப் புத்தகத்தின் முதுகில் முட்டைக்கும் வகைப்பாட்டு எண்ணுக்கும் சேர்த்து இடமில்லை. "எண்ணு இருக்கட்டும், லோகோவ எடுத்துடுங்க தம்பி" என்றார் நூலகர். வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே விதி எழுதிவைத்திருக்கிறார். அதற்கு மேல் என்ன பேச? சரி, எடுத்துவிட்டேன். மிஞ்சிய இடத்தில் எண்ணை 2 பாயிண்ட் பெரிதாக்கினேன். நாளை சோதனை அச்சு.