நான்காவது முயற்சியில் முடித்த இலவசப் பாடம்

இணையத்தில் பாடம் நடத்தும் தளங்களான கோர்செராவில் இரண்டு, எட்எக்ஸில் ஒன்று என மூன்று பாடங்களைப் பாதியில் விட்ட பிறகுதான், ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் டேட்டாபேஸ் (தரவுத்தளம்) பாடம் எடுத்து முடித்தேன். முதல் தடவை சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாதியில் விட்டதற்காக மனம் உடைந்து போகாதீர்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை, அதை நடத்திய செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000. எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்தார்கள். காசு வாங்காத இடத்தில் சேருவதும் சுலபம், விடுவதும் சுலபம், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

என்னை இழுத்துப் பிடித்தது தேர்வுக் கட்டணம்தான். வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும், அதற்கு நான் கட்டியது 1000 ரூபாய். அம்மாவிடம் கேட்டு வாங்கிய பணம் என்பதால் விட மனமே வரவில்லை.

மதிப்பெண் கணக்கை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். 8 வாரப் பாடத்தில் வாரம் ஒன்றாக வரும் அசைன்மென்ட்டுகளில் நன்றாகச் செய்த 6ஐ மட்டும் எடுத்து அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அதில் 10, இதில் 30 எனத் தனித்தனியாக வாங்கினால்தான் பாஸ். மூன்றாம் வாரம் கெடு முடியும் ராத்திரி ஹாஸ்டல் வைஃபை போய்விட்டது, எனக்குப் பூஜ்யம். இந்த விதி தெரிந்திருந்ததால்தான் அழுதுவிட்டு மறுநாளே நான்காம் வாரத்தைத் தொடங்கினேன். அதற்கப்புறம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவேன்.

வீடியோ பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீர்கள். அசைன்மென்ட்டில் ஒரு கேள்வி: ஓர் அட்டவணையில் ஏ, பி, சி, டி என நான்கு நெடுவரிசைகள், ஏ தெரிந்தால் பி தெரியும், பி தெரிந்தால் சி தெரியும், அப்படியென்றால் எது கீ, அதாவது எது தெரிந்தால் மற்ற எல்லாம் தெரிந்துவிடும்? நான் சட்டென்று 'ஏ' என்று குறித்தேன், தப்பு. நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் ஏ-யிலிருந்து டி-க்குப் போக வழியே இல்லை, ஏ-யும் டி-யும் சேர்ந்தால்தான் கீ என்று பிடிபட்டது. நான் தமிழ் வழியில் படித்தவள், அதனால் வேகத்தை 0.75இல் வைத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழிலேயே குறிப்பு எடுத்தேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சரி, ஆகட்டும்.

முடிந்தால் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தோழியும் நானும் ஞாயிறு சாயங்காலம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். அவள் எட்டு வாரமும் என்னைவிட நன்றாகச் செய்தாள். ஆனால் பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அதற்குத் தனியாகப் பதிவு, தனியாகக் கடைசித் தேதி. அது முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் என்னிடம் கேட்டாள்.