கனால் து மிடி: லாக்கில் கயிறு பிடிக்கும் விதம்

தெற்கு பிரான்ஸின் கனால் து மிடி கால்வாயில் (துலூஸ் முதல் தோ ஏரி வரை 240 கி.மீ., 1681-இல் முடிந்தது) வாடகைப் படகு ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். கொஞ்ச நேரப் பயிற்சி கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். ஓட்டுவது சுலபம், வேகமே மணிக்கு 8 கி.மீ.தான். திணறல் எல்லாம் லாக்கில், அதாவது இரு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டியில்.

இங்கே லாக்குகள் முட்டை வடிவம். ஆரம்பத்தில் கட்டிய நேர்ச்சுவர் மண் அழுத்தத்தில் சரிந்ததால், கால்வாயைக் கட்டிய ரிக்கே சுவர்களை வெளிப்பக்கமாக வளைத்தார். அதனால் படகு சுவரோடு ஒட்டி நிற்காது. முன்னும் பின்னும் கயிறு கட்டாயம். மேலே ஏறும்போது தண்ணீர் முன்பக்கமிருந்து சீறி வரும், முன்கயிற்றை ஆள் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கணும்.

இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போடவே கூடாது. கரைக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்து மெல்ல விடுங்கள். முடிச்சு இருந்தால் தண்ணீர் இறங்கும், படகு தொங்கும், கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். மேல்கதவை ஒட்டியும் நிற்காதீர்கள். அடியில் கல்திட்டு இருக்கிறது, பின்பக்கம் அதில் உட்கார்ந்தால் படகு கவிழும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விரல் போய்விடும், அவ்வளவுதான்.