300 பெசோ டாக்சியும் 200 பெசோ ஜாகுவாரும்

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், சான் கிறிஸ்டோபல் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இருக்கும் சான் ஹுவான் சாமுலாவுக்கு ஷேர் வேனில் 25 பெசோவுக்குப் போயிருக்கலாம் என்பது, டாக்சிக்காரரிடம் 300 பெசோவை எண்ணிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் ஒரு கடைக்காரர் என் பிறந்த தேதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணி, "உங்கள் 'நாவால்', அதாவது உங்களோடு பிணைந்த விலங்குத் துணை, ஜாகுவார்" என்று சொல்லி, மரப்பொம்மை ஒன்றை 200 பெசோவுக்கு என் தலையில் கட்டிவிட்டார்.

நான் வந்ததே அந்த விலங்குத் துணையைப் பற்றி அறியத்தான் என்பதால், ஏமாந்தது கூடுதலாக உறைத்தது. பிறந்த நாளைக் கொண்டு 'நாவாலை'க் கணிப்பது, குவாத்தமாலா மலைநாட்டு மாயர்கள் தங்கள் 260 நாள் பஞ்சாங்கத்தை வைத்துச் செய்வது. இங்குள்ள ட்சோட்சில் மாயர்களுக்கோ, குழந்தை பிறக்கும் அதே வேளையில் காட்டில் ஒரு விலங்கும் பிறக்கிறது. இரண்டுக்கும் உயிர் ஒன்றே. பக்கத்து ஊரான சினகாந்தானில் அதனைச் 'சானுல்' என்பார்கள். 'மூத்த பெருமலை' என்னும் மலைக்குள் ஜாகுவார்களுக்கு ஒரு பட்டி, கொயோட்டுகளுக்கு ஒரு பட்டி, சிறு பிராணிகளுக்கு ஒரு பட்டி என்று ஊராரின் விலங்குகளையெல்லாம் அடைத்து, மூதாதைத் தெய்வங்கள் தீனி போட்டுக் காக்கின்றன. மனிதன் தவறு செய்தால் அத்தெய்வங்கள் அவனுடைய விலங்கைப் பட்டியிலிருந்து வெளியே விட்டுவிடும். அது காட்டில் அலைந்து அடிபட்டால், இங்கே அவன் படுக்கையில் விழுவான். எந்த விலங்கு யாருடையது என்பதைக் கனவுதான் சொல்லும். ஜாகுவார் வலியவர்களுக்கு உரியது. டாக்சிக்காரரிடம் பேரம் பேசத் தெரியாத எனக்கு அணில் வாய்த்திருந்தாலே அதிகம்.

சாமுலா தேவாலயத்தில் படம் எடுக்கத் தடை; அதுவும் நல்லதுதான். உள்ளே இருக்கைகளே இல்லை. பைன் ஊசியிலை பரப்பிய தரையில் சற்று இடம் ஒதுக்கி, மெழுகுவர்த்திகளை வரிசையாக ஒட்டிவைத்து, மூதாட்டி ஒருவர் மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அருகில் ஒரு கோக் பாட்டில், கரும்புச் சாராயமான 'போஷ்', கால் கட்டிய கோழி. சோர்ந்து உட்கார்ந்திருந்த இளைஞனின் உடலைச் சுற்றி அந்தக் கோழியை அவர் மெதுவாகக் கொண்டுவந்தபோது, அது ஒரு சத்தமும் எழுப்பவில்லை. அதற்குமேல் பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல என்று வெளியேறினேன்.

திரும்பும்போது 25 பெசோ வேன்தான். நெரிசலில் ஜாகுவாரின் வால் முறிந்துபோனது. மறுநாள் காலை எனக்குக் கடுமையான இடுப்பு வலி. ஆடி ஆடி வந்த வேனைத்தான் குறை சொல்கிறேன். இருந்தாலும் வாலைப் பசை வைத்து ஒட்டிவிட்டேன்.